மகள் திருப்பித் தராத தென் அமெரிக்கா

1

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகள் செல்வி தென் அமெரிக்காவை எனக்குத் திருப்பித் தர மறுத்துவிட்டாள். கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும். எனக்கும் அன்று பாதி வேடிக்கையாகத்தான் இருந்தது. அதே வாரத்தில் என் சொந்த ஊருக்குப் பக்கத்திலுள்ள பொன்னேரியிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அதன் பிறகு இரண்டையும் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. இரண்டையும் சேர்த்து யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை என்கிறாள் என் மனைவி சுசீலா. அவள் சொல்வது சரியாகவும் இருக்கலாம்.

நாங்கள் வசிப்பது கனடாவில், பெரிய ஏரி ஒன்றின் கரையில் அமைந்த தொழில் நகரத்தில். ஏரி என்றவுடன் என் ஊர்க்காரர்கள் எங்கள் பழவேற்காட்டு ஏரியை நினைத்துக்கொள்ள வேண்டாம். குளிர்காலத்தில் இதன் ஓரம் உறைந்துபோய், அதன் மேல் மனிதர்கள் நடக்கிறார்கள். எனக்கு நகராட்சியின் குடியிருப்பு அலுவலகத்தில் வேலை. குறைந்த வாடகை வீட்டுக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பவர்களிடம், உங்கள் முறை இன்னும் வரவில்லை என்று பணிவாகச் சொல்வதே அந்த வேலையின் பெரும்பகுதி. குளிர்கால ஞாயிறுகளில் வீட்டுக்குள் அடைந்து விளையாடுகிறோம்.

செல்விக்குப் பதினான்கு வயது. அவளுடைய பிறந்தநாளுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் பெத்ரோ ஓர் அட்டை விளையாட்டைப் பரிசாகக் கொடுத்தார். விரித்தால் உலகப்படம். ஆளுக்கொரு நிறத்தில் சிறு பிளாஸ்டிக் படைகள். பகடை உருட்டி அடுத்தவருடைய நாடுகளைப் பிடிக்க வேண்டும். ஒரு கண்டம் முழுவதையும் வைத்திருப்பவருக்குச் சுற்றுக்குச் சுற்று கூடுதல் படைகள் கிடைக்கும். உலகம் ஒரே நிறமானால் ஆட்டம் முடிந்தது. இடையில் யாரோடும் உடன்பாடு செய்துகொள்ளலாம். அந்த உடன்பாட்டைக் காப்பாற்றுவது பற்றி விதிப்புத்தகத்தில் ஒரு சொல்லும் இல்லை. நான் அதை முழுவதும் படித்துப் பார்த்தேன்.

பெத்ரோ உக்ரைனில் பிறந்தவர். இந்தப் படத்தில் உக்ரைன் ஐரோப்பாவில் பாதியை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. முதல் தடவை அதைப் பார்த்தபோது கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஆனாலும் ஒவ்வொரு ஆட்டத்திலும் தம் படைகளை அங்கேயே குவித்து, மற்ற இடங்களையெல்லாம் இழந்து தோற்கிறார். இந்தியாவும் படத்தில் இருக்கிறது. ஒரு பிளாஸ்டிக் குதிரைவீரனை வைத்தால் பழவேற்காடு, பொன்னேரி, சென்னை எல்லாம் அவன் காலடியில் மறைந்துவிடுகின்றன. பெத்ரோவுக்கு வரும் பிடிவாதம் எனக்கு ஏன் வருவதில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

2

அன்றைய ஆட்டத்தில் தென் அமெரிக்கா முழுவதும் என் கையில் இருந்தது. அதற்கு இரண்டே வாசல்கள்: வடக்கே ஒன்று, ஆப்பிரிக்காவைப் பார்த்தபடி பிரேசிலில் ஒன்று. வட வாசலுக்கு வெளியே செல்வி நின்றாள். ஐரோப்பாவில் பெத்ரோவோடு மோதிக்கொண்டிருந்த அவளுக்குப் படைகள் தேவைப்பட்டன. நான் ஒரு யோசனை சொன்னேன்.

"தென் அமெரிக்காவ ஒரு சுத்து நீ வெச்சுக்கோ, ஒரு சுத்து நான் வெச்சுக்கிறேன். மாத்தி மாத்தி. கூடுதல் படை ரெண்டு பேருக்கும் கிடைக்கும்."

"எது வரைக்கும்?"

"எப்பவும்தான்."

என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, "ஓகேப்பா" என்றாள்.

விதிப்படி நாட்டைச் சும்மா கையில் எடுத்துக் கொடுக்க முடியாது. தாக்கித்தான் எடுக்க வேண்டும். அவளுக்குச் சேதம் வரக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு நாட்டிலும் ஒரே ஒரு படையை விட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றையும் பிரேசில் வழியாக வட ஆப்பிரிக்காவுக்கு நகர்த்திக்கொண்டேன். அவள் வடக்கிலிருந்து இறங்கி எளிதாகக் கண்டத்தை எடுத்துக்கொண்டாள். கூடுதல் படைகள் வந்தன. அவற்றை அப்படியே பிரேசிலில் குவித்தாள்.

"இப்ப என் முறை, செல்வி."

"இல்லப்பா."

"நீதானே ஒத்துக்கிட்ட?"

"ஒத்துக்கிட்டேன். ஆனா ஆர்மி மொத்தத்தையும் கொண்டுவந்து என் வாசல்ல நிறுத்தியிருக்கீங்க. நான் ஒன்னொன்னா வெச்சுட்டு நின்னா என்னை முடிச்சிட மாட்டீங்களா?"

"நான் என் முறைக்குக் காத்துக்கிட்டிருக்கேன்மா."

"காத்துக்கிட்டிருக்கறதுக்கு எதுக்கு இத்தனை பேரு?"

பெத்ரோ மேசையைத் தட்டிச் சிரித்தார். இந்தப் பெண்ணை ஏதாவது ஒரு நாட்டுக்குத் தூதராக அனுப்பிவிடுங்கள் என்றார். வாக்குக் கொடுத்தால் காப்பாற்ற வேண்டும் என்று நான் செல்வியிடம் சற்றுக் கடுமையாகவே பேசினேன். பேசிய பிறகுதான், அவள் கண்ணுக்கு என் படைகள் எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசித்தேன். பழவேற்காட்டு ஏரியில் வலை கட்டும் முறை முடிந்தவன் கழிகளைப் பிடுங்கி, வலையைச் சுருட்டி, இடத்தை விட்டுக் கொடுத்துவிட்டு, படகைச் சற்றுத் தள்ளி நிறுத்திக்கொண்டு நிற்பான். அவன் அங்கே நிற்பதை யாரும் படையெடுப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அந்தப் பழக்கத்தில் நான் ஒரு படையை நிறுத்தியிருக்கிறேன். வேறு எந்த ஊர்க்காரனும் இந்த ஆட்டத்தில் இப்படித் தோற்றிருக்க மாட்டான் என்று நினைக்கிறேன்.

3

ஏரி கடலோடு கலக்கும் முகத்துவாரத்துக்கு அருகே, இறால் வலை கட்டுவதற்குத் தோதான இடங்கள் சில உண்டு. அவற்றைப் பாடு என்போம். அவை எவருக்கும் சொந்தமில்லை. கரையிலுள்ள மீனவக் குப்பங்கள் தமக்குள் நாட்களைப் பிரித்துக்கொள்ளும். குப்பத்துக்குள் கலியாணமான ஆண்கள் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். இன்று நல்ல பாட்டில் வலை கட்டியவன் நாளை அந்த இடத்தின் பக்கம் போக மாட்டான். முறை உள்ளவனே ஊரில் ஒரு தலைக்கட்டு. ஊர்க்கூட்டத்தில் உட்காரவும் பேசவும் அவனுக்கே உரிமை.

எழுபதுகளில், நான் பொன்னேரிக் கல்லூரியில் பொருளாதாரம் படித்து முடித்திருந்த சமயம், ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு முகத்துவாரம் இடம் மாறியது. நல்ல பாடு ஒன்று பக்கத்துக் குப்பத்தின் பக்கமாக நகர்ந்துவிட்டது. படகுகள் மோதின, மண்டைகள் உடைந்தன. பொன்னேரியில் ஓர் அதிகாரி இரு தரப்பையும் சமாதானக் கூட்டத்துக்கு அழைத்தார். பட்டதாரி என்பதால் என்னையும் எங்கள் ஆட்கள் கூட்டிப்போனார்கள். என் தோழன் எத்திராஜும் வந்தான். எதிர்த்தரப்புக்குத் தலைவர் கன்னியப்பன் என்ற பெரியவர்.

அதிகாரி நல்ல மனிதர். ஏரியின் வரைபடத்தை மேசைமேல் விரித்து, சிவப்புப் பென்சிலைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்: "இந்த இடம் யாருடையது?"

கன்னியப்பன் எட்டிப் பார்த்தார். "இன்னிக்கா சார், நாளிக்கா?"

"எப்போதும்."

"எப்பவும்னா அது ஏரியோடது சார்."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் நீண்ட விளக்கம் ஒன்றைத் தொடங்கினேன். பின்னாலிருந்து எத்திராஜ் கன்னியப்பனிடம் முணுமுணுத்தது எனக்கும் கேட்டது: "அவருக்கு ஒரு கோடு போட்டாவணும் நைனா. எங்கனா போட்டுக்கட்டும். தண்ணில நிக்கவா போவுது?"

கடைசிவரை கோடு போடப்படவில்லை. ஆனால் வேறொரு சிக்கல் எழுந்தது. எண்ணூர்ப் பக்கம் வேலைக்குப் போய்விட்டவர்களின் பெயர்களையும் சேர்த்துக்கொண்டு நாங்கள் அதிக நாட்கள் கேட்கிறோம் என்றார் கன்னியப்பன். அது உண்மை. எங்கள் ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நான் எழுந்து, தண்ணீரில் நிற்கிறவனுக்கே முறை, போனவர்களின் பெயரை எடுத்துவிடுவதே நியாயம் என்றேன். இரு தரப்பும் அதை ஏற்றுக்கொண்டன. சமாதானமும் ஏற்பட்டது. அன்று நான் சொன்னது சரியென்றே நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அதுவே இன்றைய என் சங்கடம்.

பெயரை எடுப்பதற்கு ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது. முறைக்காரன் தன் வாயால் "விட்டேன்" என்று சொல்ல வேண்டும். மகனுக்கோ தம்பிக்கோ விடுவதானால் அவன் பெயரைச் சொல்லி விடுவான். வாயால் சொன்னதை அதன் பிறகு ஊர் மாற்றாது. எண்ணூருக்குப் போனவர்கள் ஒவ்வொருவராக வந்து நின்று சொன்னார்கள்.

பின்னால் கலியாணமாகி முறை பெற்று, சில வருடங்களில் திரும்பிவிடுவேன் என்று கூறிக் கனடாவுக்குப் புறப்பட்ட நான் மட்டும் சொல்லவில்லை.

4

என் அக்கா தேவகியின் கணவர் ஏரியில் புயலில் சிக்கி இறந்தார். பிள்ளைகள் இரண்டும் பெண்கள். ஆகவே அந்த வீட்டுக்கு முறை இல்லை. நான் கிளம்பியபோது என் முறையை அவள் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. ஆள் வைத்து வலை கட்டி, கிடைப்பதில் பங்கு கொடுத்து, மீதியில் குடும்பம் நடத்துகிறாள். பணம் அனுப்புகிறேன் என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். "மாசாமாசம் உன் கையப் பாத்துக்கினு கெடக்கறதா?" என்று ஒரே வாக்கியத்தில் மறுத்துவிடுவாள்.

எங்கள் குப்பத்தில் தொலைபேசி கிடையாது; வெளிநாட்டுக்குப் பேச பொன்னேரிக்குத்தான் போக வேண்டும். அழைப்பு வந்தபோது நான் அலுவலகம் புறப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"தம்பி, நான்தான்டா. நல்லா கீறியா? கொயந்த நல்லா கீதா?"

"இன்னாக்கா, யாருக்கு இன்னா ஆச்சு?"

பக்கத்தில் நின்ற செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் இப்படிப் பேசுவதை அவள் அதிகம் கேட்டதில்லை.

"யாருக்கும் ஒன்னியும் ஆவல. எத்திராஜி வந்துக்கிறான், உன்னாண்ட பேசணுமாம். ஒரே பஸ்லதான் பொன்னேரிக்கு வந்தோம். ஜன்னல் சீட்ட அவன் புடிச்சிக்கினான்."

எத்திராஜ் இப்போது ஊர்த் தலைவன். குசலம் விசாரித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தான்.

"மச்சான், நீ அங்க குந்திக்கினு கீற. உன் பேரு இங்க குந்திக்கினு கீது. கண்ணாலம் ஆன பசங்க மொறை இல்லாம கரையில நிக்கிறானுங்க. கூட்டத்துல கேக்கறானுங்க. நான் இன்னா சொல்லட்டும்?"

"அக்காவுக்கு வேற வழி இல்லியே எத்திராஜு."

"அது எனுக்குத் தெரியாதா? அதுக்குத்தான் ஆள அனுப்பாம நானே வந்துக்கிறேன். ஆனா தண்ணில நிக்கிறவனுக்குத்தான் மொறைன்னு பொன்னேரில நீ பேசினது ஞாபகம் கீதா? மொத கை தட்டினவன் நான்தான்."

யோசிக்க வேண்டும் என்றேன். ஒரு வாரம் கேட்டேன்.

"அடுத்த வாரம் இதே நாளு ரெண்டு பேரும் வரோம். விட்டேன்னு சொல்லு, இல்ல விடமாட்டேன்னு சொல்லு. நடுவுல நிக்காத."

மறுபடி வாங்கிப் பேசிய அக்கா, "யோசிச்சிச் சொல்லுடா" என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை.

5

அந்த வாரம் முழுவதும் நான் அலுவலகத்தில் வழக்கம்போல, காத்திருப்பவர்களிடம் முறை வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வீடு கிடைத்தும் அதில் குடியிருக்காமல் பெயரை மட்டும் வைத்திருப்பவர்களைக் கண்டுபிடித்து, நீக்கக் கடிதம் எழுதுவதும் என் பொறுப்புதான். அப்படி ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போடப்போகும்போது பேனாவை ஒரு தடவை மேசைமேல் வைத்தேன். பிறகு போட்டுவிட்டேன்.

விடமாட்டேன் என்றால் அக்கா பிழைப்பாள். கரையில் நிற்கும் ஓர் இளம் குடும்பம் அப்படியே நிற்கும். விட்டேன் என்றால் நியாயம் பிழைக்கும், அக்கா வழியின்றி நிற்பாள். அதோடு நானும் ஊரில் ஒரு தலைக்கட்டு இல்லை என்றாகிவிடும். இந்தக் கடைசிக் காரணத்தை நான் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று நினைத்தேன். ஆனால் எப்படி எண்ணினாலும் அதுவும் வந்து உட்கார்ந்துகொண்டது.

"குடியுரிமை வாங்கினப்போ ஒரு நாட்டையே விட்டீங்க" என்றாள் சுசீலா. "அன்னிக்குக் கூட்டத்தோட நின்னு உறுதிமொழிய முணுமுணுத்துட்டு, நேரா வந்து காபி கேட்டீங்க. இதுக்கு என்ன இவ்வளவு யோசனை?"

அவள் கேட்டது நியாயமான கேள்வி. குடியேறும்போது நிரப்பிய படிவம் ஒன்றில், பிறந்த நாட்டில் நிலமோ சொத்தோ உண்டா என்று கேட்டிருந்தார்கள். பாடு நிலமா, சொத்தா என்று யோசித்துப் பார்த்து, கடைசியில் இல்லை என்று எழுதினேன். இல்லை என்று எழுதிய ஒன்றை இப்போது விட முடியாமல் தவித்தேன்.

ஞாயிறன்று உலகப்படத்தை விரித்துக்கொண்டே செல்வி கேட்டாள்: "உங்க ஊர்ல என்னப்பா பிரச்சினை?" உங்க ஊர் என்றுதான் அவள் சொல்வாள். நம்ம ஊர் என்று திருத்துவதை நான் நிறுத்தி வெகுகாலமாகிறது. முடிந்தவரை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அத்தைக்கு என்ன வேணுமாம்?" என்றாள்.

"நான் விடக் கூடாது. வேற என்ன?"

"அவங்க சொன்னாங்களா?"

சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"அன்னிக்கும் இதான் பண்ணீங்க" என்றாள் செல்வி. "ப்ளானை நீங்களே போட்டுட்டீங்க. எனக்கு பிரேசில் மட்டும்தான் வேணும். நீங்க கேட்டிருந்தா மீதிய உங்களுக்கே விட்டிருப்பேன்."

அது உண்மையா, அல்லது அடுத்த ஆட்டத்துக்கான தந்திரமா என்று எனக்கு இன்னும் தெரியாது.

6

இரண்டாவது அழைப்பு வந்தபோது என்னிடம் ஒரு பேச்சு தயாராக இருந்தது. ஆனால் அக்காவின் குரலைக் கேட்டதும் அதை ஓரமாக வைத்தேன்.

"உனக்கு இன்னாக்கா வேணும்?"

 தாழ்ந்த குரலில், "விட்டேன்னு சொல்லு" என்றாள்.

"விட்டா நீ இன்னா பண்ணுவ?"

"எனுக்கு விட்டேன்னு சொல்லு. என் பேர சொல்லி விடு."

ஒரே தொலைபேசியில் காதை ஒட்டிக்கொண்டு எத்திராஜும் கேட்டுக்கொண்டிருந்தான் போலிருக்கிறது.

"அக்கா, பஸ்ல இன்னா சொல்லிக்கினு வந்த? தம்பிய விடச் சொல்றேன்னுதானே?"

"விடத்தான்டா சொல்றேன்."

"பொம்பள பேருல மொறை எங்கனா கீதா?"

"கூடாதுன்னு யார்னா சொல்லிக்கிறாங்களா?"

"யாரும் இதுவரிக்கும் கேட்டதில்ல."

"நான் கேக்கறேன்."

நேரம் முடியப்போகிறது என்று தொலைபேசி இணைப்பக ஊழியர் குறுக்கிட்டார். எத்திராஜை நம்பவைத்து அழைத்துவந்து, என் ஒரு சொல்லை வைத்து அவனை மடக்க நினைக்கிறாள் அக்கா. வாக்கைக் காப்பாற்றவில்லை என்று இரண்டு ஞாயிறுகளுக்கு முன்புதான் நான் செல்வியைக் கடிந்துகொண்டிருந்தேன். அக்காவின் பெயர் ஏறினால் நாளை மற்ற விதவைகளும் கேட்பார்கள், கேட்க வேண்டியதுதான். கரையில் நிற்கும் பையன்களோ அப்படியே நிற்பார்கள். இவற்றுள் எதை முதலில் வைப்பது, எதைப் பின்னால் வைப்பது என்று எண்ணி முடிக்க நேரமில்லை. சுசீலாவும் செல்வியும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"விட்டேன்" என்றேன். "என் மொறைய தேவகி அக்காவுக்கு விட்டேன்."

எத்திராஜின் குரல் உயர்ந்தது.

"டேய், தெரிஞ்சிதான் சொல்றியா?"

"தெரியல எத்திராஜு. சொல்லிட்டேன்."

"நானும் கேட்டுத் தொலைச்சிட்டேன். கேக்கலன்னு ஊர்ல சொல்ல முடியாது." பிறகு குரல் அக்காவின் பக்கம் திரும்பியது. "நான் ஊருக்குள்ள போவணும்க்கா. ஒரு தபா உனுக்கு, ஒரு தபா அந்தப் பசங்களுக்கு. ஒத்துக்கினா கூட்டத்துல உனுக்கோசரம் வாயத் தொறக்கறேன்."

"ஒன்னு வுட்டு ஒன்னா?"

"ஆமா."

பாதி வருமானத்தில் இரண்டு பெண்களை எப்படிக் கரையேற்றுவாள் என்று கேட்க நான் வாயெடுத்தேன். "நீ இரு" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"சரி" என்றாள் அக்கா. "போம்போது ஜன்னல் சீட்டு எனுக்கு."

அவள் வென்றாளா, பாதியை இழந்தாளா, எத்திராஜ் ஏமாந்தானா, ஏமாந்ததுபோல் இருந்து தனக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டானா என்று எனக்கு விளங்கவில்லை. ஊர்க்கூட்டத்தில் ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று பிறகு தகவல் வந்தது. கரையில் நின்றவர்களில் ஒருவன் இன்னும் அக்காவோடு பேசுவதில்லையாம்.

அன்று இணைப்பு முடிவதற்குள் வேறென்ன பேசுவது என்று தெரியாமல், அடுத்த வருடம் ஊருக்கு வரலாம் என்று இருக்கிறேன் என்றேன்.

"வா" என்றாள் அக்கா. "ஆனா முன்ன மாதிரி சொல்லாம கொள்ளாம வந்து நிக்காத. என் மொறை வர்ற நாளாப் பாத்து வா."